வெளியூர் போகவே பயமாக இருக்கிறது, டாக்டர்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 54 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று நான்கு வருடமாக யூரினை அடக்க முடிவதில்லை. வருகிறது என்று தோன்றினால் அந்த நிமிடமே ஓட வேண்டும். பள்ளி விட்டு வந்து வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே புடவை நனைந்துவிடுகிறது. ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறேன். பள்ளியில் பாத்ரூம் வசதி சரியில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இதைவிட வெட்கமான இன்னொன்றும் இருக்கிறது. மோஷனும் சில நாள் எனக்குத் தெரியாமலே கசிந்துவிடுகிறது. பெரியவன் பிறந்தபோது ஆயுதம் போட்டு எடுத்தார்கள், நிறையத் தையல். இந்த இரண்டாவது தொந்தரவை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

யூரினுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாய் வறண்டு, மலச்சிக்கலும் வந்ததால் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். லண்டனில் இருக்கும் மகன், "இடுப்பில் பேஸ்மேக்கர் மாதிரி ஒன்று வைத்தால் சரியாகிவிடும்மா" என்கிறான். நிஜமா? கரண்ட் அடிக்குமா? முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவி வைத்தால் எடுக்க முடியாதாமே? என் தம்பி மகன் பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறான். அவனுக்கும் இது உதவுமா? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது நிஜம்தான். அப்படி ஒரு கருவி இருக்கிறது. உங்களுக்கு உள்ள இரண்டு தொந்தரவுக்கும் அந்த ஒரே கருவி உதவக்கூடும் என்பதும் நிஜம். ஆனால் அது உங்களுக்குப் பலன் தருமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் உங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சோதிக்க வழி இருப்பதுதான் இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று திரும்ப வைக்க முடியாது. இதில் பலன் இல்லையென்றால் கம்பியை உருவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. ஆசிரியைகள், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள், பந்தோபஸ்துக்குப் போகும் பெண் காவலர்கள் எல்லாரும் இதையே செய்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தும். அவசரம் குறையாது, கூடும். மலம் இறுகும். கிருமித்தொற்று வரும். நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்துவிட்டு, ஆறு மணிக்கு வீடு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரும் ராத்திரி சாப்பாட்டோடு இன்னொரு செம்பும் குடித்தால், இரவில் மூன்று தடவை எழுந்திருக்கத்தான் வேண்டும். சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு இல்லாதவர்கள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, பெரும்பகுதியை மாலைக்குள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பள்ளியில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை. தலைமையாசிரியரிடம் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். இதுவும் மருத்துவ ஆலோசனைதான்.

இனி உங்கள் நோய்க்கு வருகிறேன். சிறுநீர்க் கசிவில் இரண்டு பெரிய வகை உண்டு. இருமும்போது, தும்மும்போது, குடத்தைத் தூக்கும்போது கசிவது ஒன்று. இது தாங்கும் தசைகள் தளர்ந்ததால் வருவது. திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, போய்ச் சேர்வதற்குள் கசிவது இன்னொன்று. பூட்டில் சாவி போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போது வருவதெல்லாம் இந்த இரண்டாவது வகை. நரம்புத் தூண்டல் கருவி இரண்டாவது வகைக்குத்தான். முதல் வகைக்கு அது உதவாது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும், அதனால் டாக்டர் உங்களை இருமச் சொல்லிப் பார்த்தாக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை அளவு, போய் வந்த பிறகு பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று காட்டும் ஸ்கேன், இந்த மூன்றும் இல்லாமல் யாரும் மேலே பேசக்கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே பார்க்க வேண்டும். திடீரென்று பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போய், கால் தளர்ந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகப் போனாலோ அது நரம்பு நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகமும், அளவுக் கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறோடு இன்னொரு விடுமுறை நாள் சேர்த்து மூன்று நாள், குடித்ததையும் போனதையும் மணி போட்டு எழுதுங்கள். என்னிடம் வரும் நோட்டுகளில் ஒரு பக்கம் இப்படித்தான் இருக்கும்: காலை 6.10, 320 மி.லி. 7.00, காபி ஒரு டம்ளர். 7.40, 90 மி.லி., அவசரம். 8.15, 70 மி.லி., கதவருகே நனைந்தது. 9.30, 60 மி.லி. சாதாரணமாக 400, 500 மி.லி. வரை தாங்கக்கூடிய பை, 70 மி.லி.க்கே நிரம்பிவிட்டது என்று கூச்சல் போடுகிறது என்பது எனக்கு அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். காபிக்குப் பிறகு மோசமாகிறது என்பதும் தெரியும். மாறாக, ராத்திரி எழுந்த ஒவ்வொரு முறையும் 350 மி.லி. போயிருந்தால் உங்கள் சிறுநீர்ப்பைமேல் குற்றமில்லை. சிறுநீர்தான் இரவில் அதிகம் சுரக்கிறது. கால் வீக்கம், சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, பிரஷர் மாத்திரை சாப்பிடும் நேரம் என்று காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வைத்தாலும் ராத்திரி எழுந்திருப்பது நிற்காது. மூன்று நாள் நோட்டைப் பார்க்காமல் கருவியைப் பற்றிப் பேசுகிற டாக்டரிடம் நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன்.

அதே நோட்டில் மலம் கசிந்த நாளையும் குறியுங்கள். அன்று மலம் இளகலாக இருந்ததா, கசியப் போவது தெரிந்ததா, தெரியாமலே நடந்ததா என்று ஒரு வார்த்தை போதும். பல வருடத்துக்கு முந்தைய பிரசவத்துக்கும் இப்போதைய கசிவுக்கும் தொடர்பு இருக்கலாமா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கும். இருக்கலாம். ஆயுதம் போட்டு எடுக்கும்போது ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை கிழிவதுண்டு, அதை இயக்கும் நரம்பு இழுபடுவதும் உண்டு. இளவயதில் மீதித் தசையின் பலம் அதை ஈடுகட்டிவிடும். மாதவிலக்கு நின்ற பிறகு தசை மெலியும்போது பழைய காயம் வெளியே தெரிகிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆசனவாய் வழியாகச் சின்னக் கருவி வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் கிழிசல் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துவிடும். மலத்தில் ரத்தமோ, மலம் கழிக்கும் வழக்கத்தில் புதிய மாற்றமோ இருந்தால் உங்கள் வயதில் கொலோனோஸ்கோப்பியும் பார்த்துவிட வேண்டும்.

மலம் கட்டியாக இருந்தாலே பாதிக் கசிவு நிற்கும். இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். இளகிய மலத்துக்கும் அது உருவம் கொடுக்கும். தேவைப்பட்டால் லோபரமைடு மாத்திரையைக் குறைந்த அளவில் டாக்டர் எழுதிக் கொடுப்பார். சிறுநீருக்கு நீங்கள் சாப்பிட்டு விட்ட மாத்திரை எது என்று எழுதவில்லை. வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் பார்த்தால் ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் வகையில் ஒன்றாக இருக்க வேண்டும். மிராபெக்ரான் என்ற வேறு வகை உண்டு. அதில் வாய் அவ்வளவாக வறளாது, ரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மாத்திரை எல்லாமே தோற்றதாகக் கணக்கு வைக்காதீர்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் களிம்பும் கைகொடுக்கும்.

அடுத்தது பயிற்சி. காற்றை அடக்குவதற்கு எந்தத் தசையை இழுக்கிறீர்களோ அதை மேல்நோக்கி இழுத்து, ஆறேழு வினாடி பிடித்து விட வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. அவசரம் வரும்போது ஓடாதீர்கள். ஓடினால் வயிற்றின் அழுத்தம் பையின்மேல் விழுந்து, கதவருகே நனைந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்று, அல்லது உட்கார்ந்து, அந்தத் தசையைப் படபடவென்று ஐந்தாறு முறை இழுத்து விடுங்கள். அவசரம் ஒரு நிமிடத்தில் தணியும். தணிந்த பிறகு நடந்து போங்கள். சரியான தசையைத்தான் இழுக்கிறீர்களா என்று ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொன்னால் நல்லது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இது சிறுநீருக்கும் மலத்துக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

இத்தனைக்குப் பிறகும் நோட்டில் எண்ணிக்கை குறையவில்லையென்றால், அப்போது கருவியைப் பற்றிப் பேசலாம்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நான்கு நான்கு துளைகள். மேலிருந்து மூன்றாவது துளை வழியாக வெளியே வரும் நரம்பு சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடுப்புத் தளத் தசைக்கும் போகிறது. அந்த நரம்பின் அருகே மெல்லிய கம்பியை வைத்து, வினாடிக்குப் பதினான்கு முறை அளவில், மிகச் சிறிய மின்துடிப்பு கொடுக்கிறார்கள். பலர் நினைப்பதுபோல் இது தசையை அழுத்தி மூடி வைப்பதில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு 70 மி.லி.க்கே அவசரச் செய்தி போகிறது. உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகளைத் தொடர்ந்து மெல்லத் தூண்டிக்கொண்டிருந்தால் அந்தக் கூச்சல் அடங்குகிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் எமில் டனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 1997-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவசரக் கசிவுக்கு அனுமதி கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, அடைப்பு எதுவும் இல்லாமலே சிறுநீர் போக முடியாமல் தவிப்பவர்களுக்கும் அனுமதி வந்தது. கசிகிறவருக்கும் போகாதவருக்கும் ஒரே கருவி எப்படி உதவும் என்று வியப்பாக இருக்கும். இரண்டிலும் கெட்டுப்போனது பைக்கும் மூளைக்கும் இடையே உள்ள செய்திப் பரிமாற்றம் என்பதுதான் காரணம். மலக் கசிவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1995-இல் எழுதியது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து மருத்துவர் மாட்ஸெலின் குழு. அன்று அவர்கள் காட்டியது மூன்று நோயாளிகளை மட்டும்தான். அமெரிக்க அனுமதி 2011-இல் வந்தது.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மரத்துப்போக ஊசியும், லேசான மயக்கமும் இருக்கும். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மூன்றாவது துளைக்குள் ஊசியைச் செலுத்தி, சிறிது மின்சாரம் விடுவார்கள். அப்போது டாக்டரின் கண் இரண்டு இடத்தில் இருக்கும். ஆசனவாய் உள்நோக்கிச் சுருங்க வேண்டும். அதே பக்கத்துக் கால் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் சரியான நரம்பு. முழுப் பாதமும் திரும்பினால் ஊசி ஒரு துளை மேலே இருக்கிறது. விரல் அசையாமல் ஆசனவாய் மட்டும் சுருங்கினால் ஒரு துளை கீழே. நீங்கள் விழித்திருந்தால் "எங்கே துடிக்கிறது, அம்மா?" என்று கேட்பார்கள். பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ என்றால் நல்லது. காலில் என்றால் மாற்றி வைப்பார்கள். பிறகு நான்கு மின்முனை கொண்ட கம்பியை உள்ளே விடுவார்கள். அது நழுவாமல் பிடித்துக்கொள்ள அதிலேயே பிளாஸ்டிக் முட்கள் இருக்கின்றன. அதன் நீட்சி தோலுக்கு வெளியே வந்து, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டியோடு இணையும். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த இரண்டு வாரம் கட்டு நனையக் கூடாது. குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது, உடம்பை முறுக்குவது கூடாது. மற்றபடி வழக்கமான வாழ்க்கைதான், பள்ளிக்கும் போகலாம். போக வேண்டும் என்பேன், ஏனென்றால் தொந்தரவு அங்கேதானே தெரிய வேண்டும்! அதே நோட்டில் அதே குவளையோடு மறுபடியும் எழுதுவீர்கள். கசிவோ அவசரமோ பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தால்தான் நிரந்தரக் கருவி. பாதிக்கும் குறைவென்றால் கம்பியை எடுத்துவிடுவார்கள். "ஏதோ கொஞ்சம் பரவாயில்லை" என்ற உணர்வை மட்டும் நம்பித் தலையாட்டாதீர்கள். செலவழித்துவிட்டோமே என்ற நினைப்பும், டாக்டர் மனம் நோகக் கூடாது என்ற நினைப்பும் சேர்ந்து நம்மை அப்படிச் சொல்ல வைக்கும். நோட்டில் உள்ள எண் பேசட்டும்.

நிரந்தரக் கருவியைப் பிட்டத்தின் மேல்பகுதியில், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், சின்னக் கீறல் போட்டு வைக்கிறார்கள். புடவையோ சுடிதாரோ எது கட்டினாலும் வெளியே தெரியாது. கரண்ட் அடிக்குமா என்று கேட்டீர்கள். அடிக்காது. லேசான துடிப்போ குறுகுறுப்போ தெரியும். பெரும்பாலும் உணர்வே தெரியாத அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் உங்கள் கையில் ரிமோட் இருக்கும். சிறுநீர் கழிக்க அதை நிறுத்த வேண்டியதில்லை. பழைய வகைக் கருவிகளின் பேட்டரி ஐந்து ஆண்டு வாக்கில் தீர்ந்து, மறுபடி கீறி மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2019 முதல் வந்த, தோலுக்கு மேலிருந்தே சார்ஜ் செய்யும் வகைகள் 15 ஆண்டு உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. சார்ஜ் செய்யத் தேவையில்லாமலே பத்தாண்டுக்கு மேல் ஓடும் வகையும் பிறகு வந்துவிட்டது. மறதி உள்ளவர்களுக்கும், கருவிகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கும் சார்ஜ் போடாத வகைதான் ஏற்றது.

பலன் எவ்வளவு? மலக் கசிவுக்குக் கருவி வைத்து, ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பரிசோதனைக்கு வந்தவர்களை வைத்து 2013-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவர்களில் 89 சதவீதம் பேருக்குக் கசிவு பாதியாவது குறைந்திருந்தது. 36 சதவீதம் பேருக்கு முழுக் கட்டுப்பாடு திரும்பியிருந்தது. கேட்க இனிமையான எண்கள்தான். ஆனால் சோதனையில் தேறிக் கருவி வைத்துக்கொண்டவர்களில், ஐந்து ஆண்டு விடாமல் வந்தவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. அதே ஆய்வில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமானோருக்கு அந்த ஐந்து ஆண்டுக்குள் இன்னோர் அறுவை தேவைப்பட்டது: கம்பி நகர்ந்தது, பேட்டரி தீர்ந்தது, வைத்த இடத்தில் வலித்தது, கிருமி தொற்றியது. தொற்று வந்தால் பெரும்பாலும் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். நடுவில் பலன் குறைந்தால் உடனே கலங்க வேண்டாம். நான்கு மின்முனைகளில் வேறொன்றுக்கு மாற்றி, மறுபடி அமைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

இதற்குப் போட்டியாக இருப்பது போட்டாக்ஸ். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, அதன் தசையில் ஊசி போடுவார்கள். கருவி எதையும் உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2016-இல் வந்தது. ஆறு மாதத்தில் போட்டாக்ஸ் ஒரு நாளில் 3.9 கசிவைக் குறைத்தது; கருவி 3.3. வித்தியாசம் சிறியது. சிறுநீர்த் தொற்று மட்டும் போட்டாக்ஸ் போட்டவர்களில் 35 சதவீதம், கருவி வைத்தவர்களில் 11 சதவீதம். சிலருக்கு போட்டாக்ஸ் போட்ட பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டு, கொஞ்ச காலம் தாங்களே டியூப் போட்டு எடுக்க நேரும். சிறுநீர்த் தொந்தரவு மட்டும் உள்ளவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு மலக் கசிவும் இருக்கிறது. சிறுநீர்ப்பையில் போடும் ஊசி அதைத் தொடாது. ஆகவே பயிற்சியும் மாத்திரையும் போதாமல் போனால், உங்கள் விஷயத்தில் நான் கருவியின் பக்கம்தான் சாய்வேன்.

கணுக்கால் வழியும் உண்டு. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே ஓடும் நரம்பு, இடுப்பில் அதே நரம்புக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது. அங்கே மெல்லிய ஊசி குத்தி, வாரம் ஒரு முறை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம் மின்துடிப்பு கொடுத்தால் சிறுநீர் அவசரம் பலருக்குக் குறைகிறது. ஊசிக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டைகளை வைத்து, டென்ஸ் என்ற சாதாரண மின்துடிப்புக் கருவியாலும் செய்யலாம். வலுவான பலனை எதிர்பார்க்காமல், செலவும் ஆபத்தும் குறைவு என்பதற்காக முயன்று பார்க்கலாம். மலக் கசிவுக்கு இது சரிவரவில்லை. 2015-இல் பிரிட்டனில் 227 பேரிடம் செய்த ஆய்வில் நிஜத் தூண்டலுக்கும் பொய்த் தூண்டலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணுக்காலில் தோலுக்கடியில் வைக்கும் கருவிகளுக்கு 2022-இலும் 2023-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அவை சிறுநீர் அவசரக் கசிவுக்கு மட்டும்தான். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இடுப்புக் கருவி வைக்கும்படி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு ஆதாரம் பலவீனமானது.

செலவு பல லட்சம் ரூபாய். பெரும்பகுதி கருவியின் விலைதான். இன்ஷூரன்ஸ் இருந்தால், சோதனைக்கும் நிரந்தரக் கருவிக்கும் பிறகு பேட்டரி மாற்றுவதற்கும் பணம் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: நீங்களே இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் வர வேண்டும், அவர் இந்த ஊரிலேயே இருப்பாரா, கம்பெனிப் பிரதிநிதி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா? கருவியை வைத்த பிறகு பத்துப் பதினைந்து ஆண்டு அதைக் கவனிக்கப் போகிற ஆள் யார் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதல் பரிசோதனைகளுக்குத் தூரம் போகத் தேவையில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரக அறுவைப் பிரிவு இருக்கிறது. நோட்டோடு போங்கள். மலக் கசிவையும் அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் அதைக் கேட்காமல் விட்டாலும் நீங்கள் சொல்லாமல் விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் சோதனை நடக்கும் இரண்டு வாரமும் குடம் தூக்க ஒரு கை வேண்டும்.

முழங்கால் எம்.ஆர்.ஐ.யை இப்போதே எடுத்துவிடுங்கள். பழைய கருவிகளோடு தலைக்கு மட்டும்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தது. புதியவற்றில், கம்பெனி சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு உடம்பு முழுவதற்கும் எடுக்கலாம். எந்த மாடல் என்று எழுதிய அட்டையைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், விமான நிலையத்திலும் அதைக் காட்டலாம். எம்.ஆர்.ஐ.யைவிட எனக்குக் கவலை தருவது முழங்காலுக்குப் பிசியோதெரபியில் வைக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி. நம் ஊரில் மூட்டு வலி என்றாலே அந்த மெஷினில் சூடு வைக்கச் சொல்கிறார்கள். நரம்புக் கருவி உள்ளவருக்கு அதை முழங்காலில் மட்டுமல்ல, உடம்பில் எந்த இடத்திலும் வைக்கக் கூடாது. கம்பி சூடேறி நரம்பை எரித்துவிடும். கருவி வைத்துக்கொண்டால் இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

தம்பி மகனுடைய விஷயம் வேறு. உங்களுக்குச் சொன்ன கருவி, சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் இடையே செய்தி போகும் வழி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இடுப்புக்குக் கீழே முழுவதும் உணர்வில்லை என்றால் அந்த வழி அறுந்திருக்கிறது. அவனைப் போன்றவர்களுக்காக லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1970-களில் வேறொரு கருவியைச் செய்தார். அது தண்டுவடத்திலிருந்து வரும் முன்பக்க நரம்பு வேர்களைத் தூண்டி, பொத்தானை அழுத்தியதும் சிறுநீரை வெளியேற்றும். அதற்காகப் பின்பக்க வேர்களை வெட்ட வேண்டியிருந்தது. அதனால் ஆண்களுக்கு அனிச்சையாக வரும் விறைப்பு போய்விடும். ஐரோப்பாவில் சில மையங்களைத் தாண்டி அது அதிகம் பரவவில்லை.

அவன் உயிரைக் காக்கப் போவது சாதாரண பிளாஸ்டிக் டியூப். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் 1972-இல், கையை நன்றாகக் கழுவிவிட்டு நாளுக்கு நான்கைந்து முறை தானே டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமியில்லாத சூழல் தேவையில்லை என்று காட்டினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் சிறுநீரகம் கெட்டு இளவயதில் இறப்பது குறைந்ததில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. அவனுக்கு நிரந்தரமாக டியூப் வைத்துப் பை மாட்டி அனுப்பியிருந்தால், ஏன் இந்த முறையைக் கற்றுத் தரவில்லை என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இதைத்தான் வேலையாகச் செய்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே போக முடியாவிட்டாலும், அவன் கடைசியாக எப்போது சிறுநீரக ஸ்கேனும் கிரியேட்டினின் பரிசோதனையும் எடுத்தான் என்று இன்று மாலையே தம்பியிடம் கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள்.